கடற்கரையைக் காக்கும் கைகள்

பொருள் இருந்தால் ஒரு மண்டபத்தைக் கட்டிவிடலாம். ஆனால், அந்த மண்டபத்தில் அந்தி தவறாமல் விளக்கேற்றவும், கூட்டிப் பெருக்கிக் கோலமிடவும், விழா நாளில் பந்தியில் நின்று பரிமாறவும் கைகள் வேண்டும். கைகள் ஓய்ந்துவிட்டால் எத்தனை பெரிய மண்டபமும் வெறுங்கட்டடம்தான். ஆலயப் பணியில் ஈடுபட்ட அன்பர்கள் அனைவரும் அனுபவத்தில் அறிந்த உண்மை இது.

ஓர் ஊருக்கும் இதே உண்மை பொருந்தும். அதிலும், கடலை நம்பி வாழும் சிற்றூருக்கு இது மிகவும் பொருந்தும். கடற்கரைக் கம்பங்கள் செல்வத்தால் நிலைபெற்றவை அல்ல. அங்கே படகு கட்டத் தெரிந்த ஒருவர், பாய் பின்னத் தெரிந்த சில பெண்கள், இரவில் கரையைக் காவல் காக்க முன்வரும் சிலர் என்று விரல்விட்டு எண்ணத்தக்க கைவினைஞர்களாலும் தொண்டூழியர்களாலும்தான் அவை நிலைபெற்றுள்ளன. அந்தச் சிலர் மறைந்துபோகும்போது ஊரின் சிறப்பும் உடன் மறைந்துவிடுகிறது. பின்னர் எவ்வளவு பொருள் கொட்டினாலும் அதை மீட்பது அரிது.

நம் நாட்டின் கிழக்குக் கரையிலுள்ள திரெங்கானு மாநிலம் இதற்குத் தக்க சான்றாக விளங்குகிறது. தென்சீனக் கடலை நோக்கி இருநூறு கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு கிடக்கும் அம்மாநிலத்தின் கடற்கரையில், காப்பாற்றப்பட்டதும் உண்டு. கைநழுவிப் போனதும் உண்டு. இரண்டையும் அறிந்துகொள்வது, தருமம் செய்யும் நல்லுள்ளம் படைத்த நமக்குப் பெரிதும் பயன்படும் என்பதால் இக்கட்டுரை எழுதப்படுகிறது.

பருவக்காற்றின் பிள்ளைகள்

மேற்குக் கரையில் வாழும் நமக்குக் கடல் பெரும்பாலும் அமைதியானது. கிழக்குக் கரையின் நிலை வேறு. ஆண்டுதோறும் நவம்பர் மாதம் தொடங்கி பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசும்போது, அங்கே கடல் கொந்தளித்துக் கரையை அறுக்கும். சிறு படகுகள் கடலுக்குள் செல்ல இயலாது. மீனவக் குடும்பங்களுக்கு அம்மாதங்களில் கடல் வருவாய் மிகவும் சுருங்கிவிடும்.

இந்த இடைவெளியே அவர்களைக் கைவினைஞர்களாக ஆக்கியது எனலாம். வலையைச் செப்பனிடுவது, படகைப் பழுதுபார்ப்பது, பாய் முடைவது, மீனைப் பக்குவப்படுத்தி வைப்பது என்று மழைக்காலம் முழுவதும் வீட்டிலேயே வேலை நடக்கும். பிள்ளைகள் பெரியவர்களின் அருகிலிருந்து பார்த்துப் பார்த்தே தொழிலைக் கற்றுக்கொண்டனர். பள்ளிக்கூடமோ பாடப்புத்தகமோ இல்லாத கல்வி அது.

1970-களின் பிற்பகுதியில் திரெங்கானுக் கடலில் எண்ணெய் எடுக்கும் பணி தொடங்கியது. மாநிலத்திற்கு வருவாய் வந்தது, சாலைகள் வந்தன, இளைஞர்களுக்கு மாதச் சம்பளம் தரும் வேலைகளும் வந்தன. இவை யாவும் நன்மையே. ஆயினும், மழைக்காலத்தில் தந்தையின் அருகில் உட்கார்ந்து உளி பிடிக்கப் பழகும் பிள்ளைகளின் எண்ணிக்கை குறையத் தொடங்கியதும் அப்போதுதான். இதில் யார்மீதும் குற்றம் காண்பதற்கில்லை. எந்தப் பெற்றோரும் பிள்ளைக்கு நிலையான வருவாயையே விரும்புவர்.

வரைபடம் இல்லாத கப்பல்கள்

மாநிலத் தலைநகரான கோலத் திரெங்கானுவில், ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் பூலாவ் டூயோங் என்னும் தீவு இருக்கிறது. 1990-ஆம் ஆண்டில் சுல்தான் மாமூட் பாலம் திறக்கப்படும்வரை அத்தீவுக்குப் படகில்தான் செல்லவேண்டும். மரக்கலம் கட்டுவதில் அத்தீவுத் தச்சர்களுக்கு நெடுங்காலமாகப் பெயருண்டு. அவர்கள் கட்டிய பெரிய பாய்மரக் கலங்கள் சயாமுக்கும் சிங்கப்பூருக்கும் சரக்கு ஏற்றிச் சென்று வந்தன.

கப்பல் என்னும் நம் தமிழ்ச் சொல்லே மலாய் மொழியில் 'காப்பால்' என வழங்குவதை அன்பர்கள் அறிவர். படகு கட்டும் தச்சரை நம் முன்னோர் ஓடாவி என்று அழைத்தனர். எனவே, கடல் தொழிலில் நமக்கும் இக்கரையோர மக்களுக்கும் பழைய உறவு உண்டு என்று கூறுவது மிகையாகாது.

டூயோங் ஓடாவிகளின் தொழில்முறை வியப்பூட்டுவது. அவர்கள் வரைபடம் எதையும் வைத்துக்கொள்வதில்லை. கலத்தின் நீளம், அகலம், வளைவு யாவும் கண்ணளவிலும் கையளவிலும் அடங்கியிருக்கும். பிற நாடுகளில் பெரும்பாலும் முதலில் விலாச்சட்டங்களை, அதாவது வங்குகளை, நிறுத்திவிட்டு அவற்றின்மேல் பலகை அடிப்பார்கள். டூயோங்கிலோ நேர்மாறு. முதலில் ஏரா எனப்படும் அடிமரம் கிடத்தப்படும். அதிலிருந்து பலகைமேல் பலகையாகக் கலத்தின் உடல் எழும்பும். உடல் உருவான பிறகே அதற்குப் பொருந்துமாறு வங்குகள் செதுக்கி உள்ளே வைக்கப்படும்.

பலகைகளை இணைக்க இரும்பாணி பயன்படுத்துவதில்லை. பலகையின் விளிம்பில் துளையிட்டு, 'பாசாக்' எனப்படும் வலிய மர ஆணிகளைச் செருகி, அடுத்த பலகையை அதன்மேல் இறக்கிப் பொருத்துவார்கள். இரும்பு உப்புநீரில் துருப்பிடித்துத் தன்னைச் சூழ்ந்த மரத்தையும் கெடுத்துவிடும். மர ஆணிக்கு அந்தக் குறை இல்லை. இரு பலகைகளுக்கு இடையே கெலாம் மரத்தின் பட்டை வைக்கப்படுகிறது. தாள் போலப் பல அடுக்காக உரியும் அந்தப் பட்டை நீர் பட்டதும் ஊதி இடுக்கை அடைத்துவிடும். வேறிடங்களில் பலகை அடித்த பிறகு தனியே செய்யும் கலப்பற்று வேலை இங்கே கட்டும்போதே முடிந்துவிடுகிறது.

பலகையை வளைப்பதும் ஒரு கலை. அதன் கீழே தீ மூட்டி, மேலே நீர் தெளித்து, முனையில் பாரம் ஏற்றி, மரம் வெடிக்காமலும் கருகாமலும் சிறிது சிறிதாக வளைப்பார்கள். எப்போது தீயைக் குறைப்பது, எப்போது பாரத்தைக் கூட்டுவது என்பதை எந்த நூலிலும் எழுதிவைக்க முடியாது. மரத்திலிருந்து எழும் ஓசையையும் மணத்தையும் கொண்டு உணரவேண்டியது அது.

இதற்கு உகந்த மரம் செங்கால். நம் காடுகளில் மிக மெதுவாக வளரும் வயிரமரம். செங்காலால் கட்டிய கலம் பல தலைமுறைக்கு உழைக்கும். ஆனால் முதிர்ந்த செங்கால் இன்று அரிதாகிவிட்டது, விலையும் ஏறிவிட்டது. மீனவர்கள் பலர் விலை குறைந்த, பராமரிக்க எளிதான கண்ணாடியிழைப் படகுகளுக்கு மாறிவிட்டனர். 1980-களிலிருந்து வெளிநாட்டுப் பாய்மரப் பிரியர்கள் சிலர் தேடிவந்து கலம் கட்டச் சொன்னதால் இத்தொழில் முற்றிலும் அற்றுப்போகாமல் தப்பியது. ஆயினும், ஒரு கலத்தைத் தொடக்கம் முதல் இறுதிவரை தன் பொறுப்பில் கட்டத் தெரிந்த மூத்த ஓடாவிகள் இன்று மிகச் சிலரே.

கவனிக்கத்தக்க செய்தி இதுதான்: அருங்காட்சியகத்தில் ஒரு படகைப் பாதுகாத்து வைக்கலாம். அதைக் கட்டும் அறிவை அங்கே பாதுகாக்க முடியாது. அந்த அறிவு வாழும் இடம் தச்சரின் கை ஒன்றே. அந்தக் கையருகே ஒரு மாணவன் உட்கார்ந்தால்தான் அது அடுத்த தலைமுறைக்குச் செல்லும்.

தாழை மடலில் ஒரு வாழ்வு

கோலத் திரெங்கானுவிலிருந்து தெற்கே, மாராங் வட்டாரத்தில் ருசிலா என்னும் கடற்கரைக் கம்பம் உள்ளது. 'மெங்குவாங்' எனப்படும் தாழை இனத்து மடல்களைக் கொண்டு பாய், கூடை, உணவு மூடி முதலியவற்றைப் பின்னுவதில் அவ்வூர்ப் பெண்கள் பெயர் பெற்றவர்கள்.

கடைத்தெருவில் ஒரு பாயின் விலையைக் கேட்டு, "இவ்வளவா?" என்று நாம் புருவத்தை உயர்த்துகிறோம். அதன் பின்னே உள்ள உழைப்பைச் சற்று எண்ணிப் பார்த்தால் அப்படிக் கேட்கமாட்டோம். முதலில், முள் நிறைந்த மடல்களை வெட்டிச் சுமந்து வரவேண்டும். ஓரத்து முள்ளையும் நடு நரம்பையும் நீக்க வேண்டும். தீயில் இலேசாக வாட்டி மடலை இளக்கவேண்டும். ஒரே அகலத்தில் கீற்றுகளாகக் கிழிக்கவேண்டும். ஒவ்வொரு கீற்றையும் மூங்கில் துண்டால் நீவி மென்மையாக்க வேண்டும். நாள் கணக்கில் நீரில் ஊறவைத்து, வெயிலில் உலர்த்தி வெளுக்கவைக்க வேண்டும். வண்ணம் வேண்டுமெனில் சாயத்தில் காய்ச்சி மறுபடியும் உலர்த்தவேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகுதான் பின்னலே தொடங்குகிறது. மழை பெய்தால் உலர்த்தும் வேலை நின்றுவிடும்.

படகுக்கு உதவும் கெலாம் மரமும் பாய்க்கு உதவும் மெங்குவாங்கும் கடற்கரையின் மணல்மேட்டுக்குப் பின்னால் உள்ள ஈரநிலங்களிலும் சதுப்புகளிலும் வளர்பவை. பயனற்ற நிலம் என்று கருதி அச்சதுப்பை மண்ணிட்டு மூடினால், முதலில் நலிவது மரமும் மடலும். அடுத்து நலிவது ஓடாவியும் பாய் பின்னும் தாயும். கைத்தொழிலைக் காப்பதும் இயற்கையைக் காப்பதும் வெவ்வேறு தொண்டுகள் அல்ல என்பதை இக்கடற்கரை நமக்குக் கற்றுத் தருகிறது.

ரந்தாவ் அபாங் இழந்த செல்வம்

இனி, கைநழுவிப் போன செல்வத்தின் கதையைக் காண்போம். மேலும் தெற்கே, டுங்குன் வட்டாரத்தில் உள்ள ரந்தாவ் அபாங் ஒரு காலத்தில் உலகப் புகழ்பெற்ற கடற்கரை. கடலாமைகளில் மிகப் பெரியதான ஏழுவரி ஆமை முட்டையிட வரும் இடம் அது. முதுகில் நீளவாக்கில் வரம்புகள் ஓடுவதால் தமிழ்க் கடற்கரையில் அதற்கு ஏழுவரி ஆமை என்று பெயர். அவ்வரம்புகள் பெலிம்பிங் பழத்தை நினைவூட்டுவதால் மலாய் மக்கள் அதைப் 'பெஞ்ஞு பெலிம்பிங்' என்கின்றனர்.

1950-களில் திரெங்கானுக் கரையில் அந்த ஆமைகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 10,000 கூடுகள் இட்டன. 1968-ஆம் ஆண்டில் முட்டையிட வந்த தாய் ஆமைகள் 3,103 என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். 1994-ஆம் ஆண்டில் வந்தவை இரண்டே இரண்டு. இன்று அவற்றின் வருகை ஏறக்குறைய நின்றேபோய்விட்டது.

யாரும் முயற்சி செய்யவில்லையா என்றால், செய்தனர். மலாயா இயற்கைக் கழகத்தினரின் முயற்சியால் 1961-ஆம் ஆண்டிலேயே ரந்தாவ் அபாங்கில் முட்டைப் பொரிப்பகம் ஒன்று தொடங்கப்பட்டது. பின்னர் மீன்வளத் துறை அப்பணியை ஏற்று நடத்தியது. அப்படியிருந்தும் ஏன் இந்த இழப்பு? இதற்கு மூன்று காரணங்களைக் கூறலாம்.

முதலாவது, அளவு போதவில்லை. 1951-ஆம் ஆண்டின் ஆமைச் சட்டப்படி முட்டை எடுப்பதற்கு உரிமம் வழங்கப்பட்டுவந்தது. பல ஆண்டுகளாகக் கரையில் இட்ட முட்டைகள் அனேகமாக முழுவதும் சந்தைக்குச் சென்றன. பொரிப்பகத்திற்குக் கிடைத்தது சிறு பங்கே. ஆமை நீண்ட ஆயுள் உடையது என்பதால் இதன் விளைவு உடனே தெரியவில்லை. பழைய தாய் ஆமைகள் தொடர்ந்து வந்துகொண்டிருந்தன. அவற்றுக்குப் பின் வரவேண்டிய தலைமுறை பிறக்கவே இல்லை என்பது தெரியவந்தபோது காலம் கடந்துவிட்டது.

இரண்டாவது, கடலுக்குள் நேர்ந்த மரணங்கள். திருக்கை மீனுக்காக விரிக்கப்பட்ட பெருங்கண்ணி வலைகளிலும் இழுவை வலைகளிலும் ஆமைகள் சிக்கி மூச்சுத்திணறி இறந்தன. பெருங்கண்ணி வலைகள் பின்னாளில் தடை செய்யப்பட்டன. கரையில் ஒருபுறம் காத்ததை, கடலில் மறுபுறம் இழந்துகொண்டிருந்தோம்.

மூன்றாவது காரணம்தான் நம் சிந்தனைக்கு மிகவும் உரியது. ஆமைக்குஞ்சு ஆணா பெண்ணா என்பதை அது புதைந்திருக்கும் மணலின் வெப்பமே தீர்மானிக்கிறது. மணல் குளிர்ந்திருந்தால் ஆண். வெப்பம் மிகுந்தால் பெண். இந்த உண்மை தெரியாத காலத்தில் பொரிப்பகங்கள் நிழலற்ற வெட்டவெளியில் அமைக்கப்பட்டிருந்தன. அங்கே பொரித்த குஞ்சுகள் அனேகமாக எல்லாமே பெண்கள் என்பதைப் பிற்காலத்து ஆய்வுகள் காட்டின. ஆண்டுக்கணக்கில் நல்லெண்ணத்தோடு உழைத்தவர்கள், தம்மையறியாமல் துணையற்ற ஒரு தலைமுறையைக் கடலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தனர்.

இதைக் கூறுவது அவர்களைக் குறை சொல்வதற்காக அன்று. அக்காலத்தில் முன்வந்து உழைத்த பெருமக்கள் அவர்களே. நல்லெண்ணத்தோடு அறிவும் சேரவேண்டும், அறிவோடு காலமும் சேரவேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது என்பதால் கூறுகிறோம். தொண்டில் தாமதமும் ஒரு செலவுதான். அந்தச் செலவை எந்த நன்கொடையாலும் ஈடுகட்ட முடியாது.

ரந்தாவ் அபாங் மக்களும் இந்த இழப்பில் பங்காளிகளாயினர். ஆமை காணவரும் பயணிகளை நம்பியே அங்கே தங்கும் விடுதிகளும் உணவுக் கடைகளும் எழுந்திருந்தன. ஆமைகள் வரவில்லை, பயணிகளும் வரவில்லை.

ஓர் இரவுக் காவல்

ஏழுவரி ஆமையை இழந்த அதே மாநிலத்தில், பேராமை எனப்படும் பச்சை ஆமையைக் காக்கும் முயற்சி வெற்றிகரமாக நடந்துவருகிறது. ரெடாங் தீவின் வடபுறத்தில் சாகார் ஹூத்தாங் என்னும் சிறு கடற்கரை இருக்கிறது. 1993-ஆம் ஆண்டில், இன்று திரெங்கானு மலேசியப் பல்கலைக்கழகமாக விளங்கும் நிறுவனத்தைச் சேர்ந்த டாக்டர் சான் எங் ஹெங், டாக்டர் லியூ ஹோக் சார்க் ஆகிய ஆய்வாளர்கள் அங்கே பணியைத் தொடங்கினர்.

அவர்கள் எதிர்கொண்ட முதல் கேள்வி எளிமையானது. முட்டையை விற்றுப் பிழைக்கும் மனிதரிடம் போய், "எடுக்காதே" என்று சொன்னால் அவர் வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும்? ஆகவே, அவர்கள் ஒரு வழி கண்டனர். பொதுமக்கள் ஒரு கூட்டைத் தத்தெடுத்துக்கொள்ளலாம். அவர்கள் தரும் நன்கொடையிலிருந்து முட்டை எடுப்பவருக்கு உரிய ஈட்டுத்தொகை வழங்கப்படும். முட்டை மணலிலேயே இருக்கும். நன்கொடை நேராகச் சென்று ஒரு கூட்டைக் காத்தது. ஒரு குடும்பத்தையும் காத்தது. தருமத்தின் பயன் இருபுறமும் சேர்ந்த அழகான ஏற்பாடு அது.

அடுத்துத் தேவைப்பட்டவை கைகள். பருவகாலத்தில் இரவு முழுவதும் கரையில் ஆள் இருக்கவேண்டும். இப்பணிக்காகத் தொண்டூழியர் திட்டம் தொடங்கப்பட்டது. மாணவர்கள், ஆசிரியர்கள், அலுவலகப் பணியாளர்கள் என்று பலதரப்பட்டோர் தம் சொந்தச் செலவில் வந்து ஒரு வாரம் தங்கி, முறைவைத்து இரவுக் காவல் புரிகின்றனர். விளக்கின்றி, பேச்சின்றி மணலில் நடக்கவேண்டும். ஆமை கரையேறும் வேளையில் வெளிச்சம் பட்டால் அது முட்டையிடாமலே திரும்பிவிடும். குஞ்சுகள் பொரித்து வெளியேறிய பின் கூட்டைத் தோண்டி, எத்தனை பொரித்தன, எத்தனை வீணாயின என்று எண்ணிக் குறிப்பெடுப்பதும் அவர்கள் பணியே. அழுகிய முட்டைகளின் நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டு செய்யவேண்டிய வேலை அது.

ரந்தாவ் அபாங் கற்பித்த பாடமும் இங்கே மறக்கப்படவில்லை. முட்டைகளைக் கூடியவரை ஆமை இட்ட இடத்திலேயே விட்டுவிடுகின்றனர். மரநிழலில் சில கூடுகளும் வெயிலில் சில கூடுகளும் இயல்பாக அமைவதால் ஆணும் பெண்ணும் கலந்து பிறக்க வழியுண்டு. வேறிடத்திற்கு மாற்றியே ஆகவேண்டும் என்றால் முட்டையிட்ட சில மணி நேரத்திற்குள், புரட்டாமல் குலுக்காமல் எடுத்துச் செல்லவேண்டும். கரு ஓட்டில் ஒட்டிக்கொண்ட பிறகு முட்டையைப் புரட்டினால் குஞ்சு இறந்துவிடும்.

பச்சை ஆமை ஒரு முறைக்குச் சுமார் 100 முட்டைகள் இடும். ஏறக்குறைய 50 முதல் 60 நாட்களில் அவை பொரிக்கும். பிறந்த குஞ்சு தாயாகித் திரும்ப இருபது, முப்பது ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகும். 1993-இல் நடந்த பணியின் பலன் அடுத்த தலைமுறைக்கே தெரியவரும் என்று அறிந்துதான் அவர்கள் தொடங்கினர். 2005-ஆம் ஆண்டில் அக்கடற்கரை ஆமைகளின் புகலிடமாக அரசால் அறிவிக்கப்பட்டது. திரெங்கானு அரசு 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் எல்லா வகைக் கடலாமை முட்டைகளின் விற்பனையையும் தடை செய்துவிட்டது. சட்டம் வருவதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் முன்பே சிலர் கரையில் காவல் இருந்தனர் என்பதை நாம் மறந்துவிடக்கூடாது.

மங்கோக் மகளிரும் பினாங்கு மீனவரும்

மாநிலத்தின் வடபகுதியில் உள்ள செத்தியு வட்டாரத்தில், கடலுக்கும் காயலுக்கும் நடுவே மங்கோக் என்னும் கம்பம் அமைந்துள்ளது. அங்கே 2007-ஆம் ஆண்டில் உலக வனவிலங்கு நிதியத்தின் மலேசியக் கிளை துணைநிற்க, ஊர்ப் பெண்கள் ஒன்றுகூடிப் 'பெவானிஸ்' என்னும் மகளிர் சங்கத்தை நிறுவினர்.

அவர்கள் தொடங்கியது பெரிய தொழிற்சாலை அன்று. வாழைக்காயைச் சீவி வறுத்துப் பொட்டலமிட்டு விற்றனர். கைவினைப் பொருள்கள் செய்தனர். ஊருக்கு வரும் விருந்தினரைத் தம் வீடுகளில் தங்கவைத்தனர். அதோடு நில்லாமல் காயலோரத்தில் கண்டல் மரக்கன்றுகளையும் நட்டனர். இறாலும் நண்டும் மீன்குஞ்சும் வளரும் தொட்டில் கண்டல் வேர்கள்தாம். அடுப்படி வேலையும் ஆற்றோர வேலையும் ஒரே குடும்பத்தின் நலனுக்கு என்பதை அப்பெண்கள் உணர்ந்திருந்தனர். கடலுக்குப் போன கணவரின் வலை வெறுமையாகத் திரும்பும் நாளிலும் வீட்டில் ஒரு வருவாய் இருக்கிறது என்னும் துணிவு, அவர்கள் தாமே தேடிக்கொண்டது.

இத்தகைய முயற்சி கிழக்குக் கரைக்கு மட்டும் உரியதன்று. நமக்கு அருகிலேயே, பினாங்குக் கரையோர மீனவர் நலச் சங்கத்தினர் 1997-ஆம் ஆண்டு முதல் கண்டல் கன்றுகளை நட்டு வருகின்றனர். மீன்வளம் குறைந்துவருவதைக் கண்ட சாதாரண மீனவர்கள், தாமே விதை பொறுக்கி, நாற்று வளர்த்து, முழங்கால் சேற்றில் நின்று நட்டனர். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை பினாங்கையும் கெடாவையும் தாக்கிய பிறகுதான், கரையோர மரங்கள் அலையின் வேகத்தைத் தணிக்கும் என்ற பேச்சு நாடெங்கும் எழுந்தது. அம்மீனவர்களோ அதற்கு ஏழாண்டுகள் முன்பே சேற்றில் இறங்கியிருந்தனர்.

நாம் செய்யத்தக்கவை

இவ்வளவும் படித்த அன்பர்கள், "நம்மால் என்ன ஆகும்?" என்று எண்ணக்கூடும். பெருந்தொகை வேண்டியதில்லை. கீழ்க்காணும் சிலவற்றை யாரும் செய்யலாம்.

கைவினைப் பொருள் வாங்கும்போது, கூடியவரை செய்தவர் கையிலிருந்தே வாங்குவோம். அடித்துப் பேரம் பேசாமலிருப்போம். நாம் குறைத்துக் கொடுக்கும் ஐந்து வெள்ளி நமக்குப் பெரிதன்று. ஆனால், அடுத்த மடலை வெட்டலாமா வேண்டாமா என்று அந்தத் தாய் முடிவு செய்வதற்கு அதுவே காரணமாகிவிடலாம்.

நன்கொடை கொடுக்கும் முன் மூன்று கேள்விகள் கேட்போம். இப்பணியைச் செய்யும் கைகள் யாருடையவை? அவர்களுக்கு இதனால் பிழைப்பு உண்டா? அடுத்து வருவோருக்கு யார் கற்றுத் தருகிறார்கள்? இம்மூன்றுக்கும் விடை இருந்தால் அந்த நன்கொடை நெடுங்காலம் பலன் தரும். கட்டடத்திற்குக் கொடுப்பதைப் போலவே, ஒரு மாணவன் மூத்த கைவினைஞரிடம் ஓராண்டு தொழில் பழகுவதற்கும் கொடுக்கலாம். பெயர்ப் பலகை இல்லாவிட்டாலும் அந்தப் பெயர் ஒரு கையில் எழுதப்பட்டுவிடும்.

பிள்ளைகளைப் பள்ளி விடுமுறையில் ஒரு கடற்கரைக் கம்பத்திற்கு அழைத்துச் செல்வோம். ஆமை வரும் கரையாயின் காவலரின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு, விளக்கையும் படம் பிடிக்கும் ஆசையையும் அடக்கி அமைதியாக இருப்போம். தொண்டூழியம் புரியும் வயதும் உடல்நலமும் உள்ள இளைஞர்கள் ஒரு வாரத்தை அதற்கு ஒதுக்கலாம். கடல் நீராடலுக்கோ குடும்பத்தோடு காற்று வாங்குவதற்கோ கரைக்குச் செல்லும் நாளில், நெகிழிப் பையையும் புட்டிகளையும் திரும்ப எடுத்து வருவோம். கடலில் மிதக்கும் நெகிழிப் பையை இழுதுமீன் என்று எண்ணி ஆமைகள் விழுங்கி மடிகின்றன.

பொதுப்பணி எதுவாயினும் அதைத் தொடங்குவோர் சிலர்தான். அவர்கள் பெரும்பாலும் வசதி படைத்தவர்களும் அல்லர். ஓடாவிக்கு உளியும், பாய் பின்னும் தாய்க்கு மூங்கில் துண்டும், இரவுக் காவலருக்கு ஒரு கைப்பிடி பொறுமையுமே மூலதனம். அவர்கள் உழைத்துக்கொண்டிருக்கும்போதே நாம் துணை நிற்கவேண்டும். ரந்தாவ் அபாங் கரையில் இன்று மணல் இருக்கிறது, அலை இருக்கிறது, அறிவும் இருக்கிறது. வருவதற்கு ஆமைதான் இல்லை. டூயோங்கின் உளியோசைக்கும் ருசிலாவின் பாய்க்கும் அந்நிலை வராதிருப்பது, இன்றைக்கு நம் கையிலும் இருக்கிறது.